மலை ரெயில் நின்றால் கோபம் வேண்டாம்!

மேட்டுப்பாளையம் ரெயில் நிலையம். மழைக்காலத்தில் ஒரு காலை நேரம்.

மூட்டை முடிச்சுகளுடன் ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு குழந்தைகள். ஊட்டிக்குப் போகும் மலை ரெயிலில் ஏற வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே டிக்கெட் வாங்கியாகிவிட்டது. குழந்தைகளுக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. குகைக்குள் ரெயில் நுழையும்போது எப்படிக் கூச்சல் போடுவது என்று ஒத்திகைகூடப் பார்த்துவிட்டார்கள்!

அங்கே ஓர் அறிவிப்பு.

"பாதையில் மண் சரிவு. இன்று ரெயில் ரத்து."

குழந்தைகளின் முகம் வாடிவிட்டது. அப்பாவுக்குக் கோபம் பொங்கியது.

"நாலு கல் விழுந்தால் ரெயிலை நிறுத்திவிடுவதா? எடுத்துப் போட்டுவிட்டு ஓட்ட வேண்டியதுதானே!" என்று சத்தம் போட்டார்.

பக்கத்தில் நின்ற வயதான டீக்காரர் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. இன்னிக்குப் போகாட்டி வண்டி நாளைக்குப் போகுமுங்க. ஆளு போயிட்டா திரும்பி வருமுங்களா?" என்றார்.

இது எந்த மழைக்காலத்திலும் நடக்கக்கூடிய காட்சி. கோபப்பட்ட அப்பாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பணம் செலவாகிறது. லீவு வீணாகிறது. குழந்தைகள் அழுகிறார்கள்.

ஆனால் டீக்காரர் சொன்னதுதான் பெரிய நியாயம். நாலு கல் விழுந்த இடத்தில் அடுத்து நாற்பது கல் விழலாம். மலை ஒரு முறை வாயைத் திறந்தால், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது.

46 கிலோ மீட்டர் அதிசயம்

நீலகிரி மலை ரெயில் சாதாரண ரெயில் அல்ல. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 46 கிலோ மீட்டர் தூரத்துக்குள் ரெயில் இவ்வளவு உயரம் ஏறிவிடுகிறது.

வழியில் 208 வளைவுகள். 16 குகைகள். சுமார் 250 பாலங்கள்.

இந்தப் பாதைக்கான யோசனை 1854ல் பிறந்தது. வேலை தொடங்கியது 1891ல். 1899ல் குன்னூர் வரை ரெயில் வந்தது. 1908ல் ஊட்டியைத் தொட்டது. 2005ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்தது.

கல்லாறு முதல் குன்னூர் வரைதான் கடுமையான ஏற்றம். அங்கே 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏற வேண்டும். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். என்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது.

என்ஜின் முன்னால் நின்று இழுக்காது. கீழ்ப் பக்கத்தில் நின்று தள்ளும். ஏன்? ஒரு பெட்டி கழன்றுகொண்டாலும் பள்ளத்தில் ஓடிவிடக் கூடாது அல்லவா? அதற்காக!

அந்தக் காலத்து என்ஜினீயர்கள் எவ்வளவு முன்யோசனையுடன் இருந்தார்கள், பாருங்கள். ரெயில் எப்படி ஏறும் என்று மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. எப்படி விழும் என்றும் யோசித்தார்கள். விழாமல் காக்க வழி செய்தார்கள்.

அதே முன்யோசனை இன்று மலையைப் பற்றியும் வேண்டும். ரெயில் உறுதியாக இருந்தால் போதாது. அது போகும் மலையும் உறுதியாக இருக்க வேண்டும்.

மலை ஏன் சரிகிறது?

மலை என்றால் முழுவதும் பாறை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

நீலகிரியின் அடியில் இருப்பது கடினமான பாறைதான். ஆனால் மேலே இருப்பது மண். பல லட்சம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் பாறை மட்கி, மண்ணாக மாறி, கெட்டியான போர்வை போல மலையை மூடியிருக்கிறது. சில இடங்களில் அந்தப் போர்வை பல மீட்டர் கனம் உள்ளது.

கடற்கரையில் குழந்தைகள் மணல் வீடு கட்டுவதைப் பார்த்திருக்கலாம். காய்ந்த மணலில் வீடு நிற்காது. கொஞ்சம் ஈரம் இருந்தால் ஜோராக நிற்கும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? வீடு கரைந்து வழிந்து ஓடும்.

மலையிலும் இதே கதைதான். கொஞ்சம் ஈரம் மண்ணைப் பிடித்து வைக்கிறது. தண்ணீர் மிகுந்துவிட்டால், அது மண் துகள்களுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகிறது. மண்ணின் கனமும் கூடுகிறது. அடியில் இருக்கும் பாறை வழவழப்பாக ஈரமாகிறது. அப்புறம் ஒரு நொடி! மரம், கல், மண் எல்லாம் சேர்ந்து கீழே வருகிறது.

மனிதனும் தன் பங்குக்கு உதவி செய்கிறான். சாலைக்காகவும் ரெயிலுக்காகவும் மலையின் காலை வெட்டுகிறான். மேலே காட்டை அழித்து வீடு கட்டுகிறான். தண்ணீர் போகும் ஓடையை மூடி அதன் மேல் கட்டிடம் எழுப்புகிறான். ஓடை போக இடம் தேடுகிறது. கடைசியில் தண்டவாளத்தின் மேல் வந்து நிற்கிறது.

ஒரே நாளில் 820 மில்லி மீட்டர்!

நீலகிரிக்கு இது புதிய அனுபவம் அல்ல. 1978லும் 1979லும் பெரிய சரிவுகள் ஏற்பட்டன. 1993 நவம்பரில் குன்னூர், மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலை சரிந்து, சாலையையே அடித்துச் சென்றது. பல உயிர்கள் பலியாயின.

எல்லாவற்றையும் விடப் பயங்கரமானது 2009 நவம்பர். அந்த மாதம் 10ந் தேதியுடன் முடிந்த ஒரே நாளில் கேத்தியில் பெய்த மழை 820 மில்லி மீட்டர். சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரி 1,400 மில்லி மீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது!

கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஓர் ஏக்கர் நிலத்தில் மட்டும் 33 லட்சம் லிட்டர் தண்ணீர். அதாவது, 10,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 330 வந்து ஓர் ஏக்கர் சரிவில் தண்ணீரைக் கொட்டிய மாதிரி!

மலை தாங்குமா? நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலை ரெயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ரெயில் மாதக் கணக்கில் ஓடவில்லை.

கேத்தி என்பது மலை ரெயில் நிற்கும் ஒரு நிலையம். எனவே, 'எங்கோ நடந்தது' என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரே ஆறு, இரண்டு முடிவு

இயற்கையை மனிதன் தடுக்க முடியுமா? முடியாது. ஆனால் அதன் வழியிலிருந்து விலகி நிற்க முடியும். இதற்கு நியூசிலாந்து நாட்டில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி.

அங்கே ருவாபெகு என்று ஓர் எரிமலை. அதன் உச்சியில் ஓர் ஏரி. 1953 டிசம்பர் 24ந் தேதி. கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு. ஏரியின் கரை உடைந்தது. சேறும் பாறையும் பனிக்கட்டியும் கலந்த வெள்ளம் வாங்கயேகு ஆற்றில் பாய்ந்து வந்தது. டாங்கிவாய் என்ற இடத்தில் ரெயில் பாலத்தின் தூணைப் பெயர்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு எக்ஸ்பிரஸ் ரெயில் வந்துகொண்டிருந்தது. ரெயிலில் 285 பேர். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள். பரிசுப் பொருள்களை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

சிரில் எல்லிஸ் என்ற தபால் இலாகா ஊழியர் தற்செயலாக அங்கே வந்திருந்தார். வெள்ளத்தைப் பார்த்தார். ரெயிலின் வெளிச்சத்தையும் பார்த்தார். கையில் இருந்த டார்ச் விளக்கை ஆட்டிக்கொண்டே தண்டவாளத்தின் ஓரமாக ரெயிலை நோக்கி ஓடினார்! டிரைவர் பிரேக் போட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. என்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 151 பேர் மாண்டார்கள்.

ஒரு மனிதன் தன்னால் முடிந்ததை எல்லாம் செய்தான். ஆனால் அவன் கையில் இருந்தது ஒரு டார்ச் விளக்கு மட்டும்.

அந்தத் துயரத்தை அந்த நாடு மறக்கவில்லை. 1995லும் 1996லும் எரிமலை குமுறியபோது, ஏரியின் வாயில் சாம்பலும் கற்களும் சேர்ந்து மறுபடியும் ஓர் அணை உருவானது. "ஒரு நாள் இது உடையும்" என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். எச்சரிக்கைக் கருவிகளை மலையில் பொருத்தினார்கள். வெள்ளம் புறப்பட்டால் கருவி சொல்லும். உடனே ரெயிலும் சாலையும் நிற்கும். இப்படி ஏற்பாடு.

2007 மார்ச் 18ந் தேதி அணை உடைந்தது. அதே மலை. அதே ஆறு. அதே சேற்று வெள்ளம். கருவி எச்சரித்தது. ரெயில்கள் நின்றன. சாலைகள் மூடப்பட்டன.

இறந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை!

1953ல் 151. 2007ல் பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே மலை மாறவில்லை. மனிதன் மாறினான். முன்கூட்டி யோசித்தான். நிற்க வேண்டிய நேரத்தில் நின்றான். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடும் கம்பிகள்

கருவி என்றவுடன், கோடிக் கணக்கில் செலவாகுமே என்று பயப்பட வேண்டாம். எளிய யுக்திகளும் உண்டு.

ஸ்காட்லாந்து நாட்டில் பிராண்டர் கணவாய் என்று ஓர் இடம். மலையிலிருந்து பாறை உருண்டு ரெயில் பாதையில் விழுவது வழக்கம். 1882ல் அங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். பாதைக்கு மேலே, மலைச் சரிவில் வேலி போலக் கம்பிகளைக் கட்டினார்கள். பாறை உருண்டு வந்தால் கம்பி அறுபடும். கம்பி அறுந்தால், கைகாட்டி தானாகவே அபாயத்தைக் காட்டும்!

காற்றடிக்கும்போது அந்தக் கம்பிகள் ரீங்காரம் செய்யும். ஆண்டர்சன் என்பவர் செய்த ஏற்பாடு அது. அதனால் 'ஆண்டர்சனின் பியானோ' என்று ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பியானோ காவல் காக்கிறது. ஆனால் 2010 ஜூன் மாதம் ஒரு பாறை, கம்பிக்குக் கீழே இருந்த இடத்திலிருந்தே பெயர்ந்து விழுந்தது. கம்பிக்கு அது தெரியவில்லை. ரெயில் தடம் புரண்டது. நல்ல வேளையாக யாரும் சாகவில்லை.

இதில் இரண்டு பாடங்கள். கருவி வேண்டும் என்பது முதல் பாடம். கருவி இருக்கிறது என்று தூங்கிவிடக் கூடாது என்பது இரண்டாவது பாடம்.

ஒரு வாய்க்காலின் கதை

அதே ஸ்காட்லாந்தில் கார்மாண்ட் என்ற இடத்தில் 2020 ஆகஸ்டு 12ந் தேதி ஒரு விபத்து. காலையில் பெருமழை. மேலேயிருந்து கல்லும் சரளையும் தண்டவாளத்தில் வந்து குவிந்தன. ரெயில் அதில் மோதித் தடம் புரண்டது. 3 பேர் இறந்தார்கள். டிரைவரும் அவர்களில் ஒருவர்.

அந்த டிரைவர், "வேகத்தைக் குறைக்க வேண்டுமா?" என்று முன்னதாகக் கேட்டிருந்தார். வழக்கமான வேகத்தில் போகலாம் என்று பதில் வந்தது!

சரளை எங்கிருந்து வந்தது? மழைத் தண்ணீரை வடிக்கவென்று போட்ட வாய்க்காலிலிருந்துதான்! சில ஆண்டுகளுக்கு முன்னால் அதைப் போட்டவர்கள் வரைபடத்தில் இருந்தபடி போடவில்லை. காப்பாற்ற வேண்டிய வாய்க்காலே எமனாகிவிட்டது.

வாய்க்கால் என்றால் பலருக்கு அலட்சியம். புதிய பெட்டி விட்டால் விழா எடுப்பார்கள். மாலை போடுவார்கள். வாய்க்காலைத் தூர் வாரினால் யார் மாலை போடுகிறார்கள்? ஆனால் மலை ரெயிலின் உயிர் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது.

கொங்கண் கற்ற பாடம்

இந்தியாவிலும் உதாரணம் உண்டு. மேற்குக் கடற்கரையில் மலைகளைக் குடைந்து ஓடுகிறது கொங்கண் ரெயில். 2003 ஜூன் 22ந் தேதி இரவு, வைபவ்வாடி அருகே பாதையில் சரிந்து கிடந்த பாறைகளில் ஒரு ரெயில் மோதியது. 51 பேர் பலியானார்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதமே மீண்டும் ஒரு கோர விபத்து.

அதன் பிறகு விழித்துக்கொண்டார்கள். சரிவுகளில் இரும்பு வலை போர்த்தினார்கள். பாறைகளை முளை அடித்து இறுக்கினார்கள். மழையை அளக்கக் கருவிகள் வைத்தார்கள். இரவும் பகலும் பாதையில் ஆள் நடக்க ஏற்பாடு செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக்காலத்துக்கென்று தனிக் கால அட்டவணை போட்டார்கள். அந்த மாதங்களில் ரெயில்கள் மெதுவாகத்தான் போகும். தாமதம் என்று யாரும் குறை சொல்ல முடியாது. அட்டவணையே அப்படி!

51 உயிர் கொடுத்து வாங்கிய பாடம் அது. மற்றவர்கள் அதை இலவசமாகவே கற்றுக்கொள்ளலாமே!

மூன்று கேள்விகள்

மலைப் பாதையின் ஆபத்தை அளப்பது பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும்.

முதல் கேள்வி: எங்கே சரியும்?

முன்பு சரிந்த இடம் மறுபடியும் சரியும். செங்குத்தாக வெட்டிய இடம் சரியும். தண்ணீர் தேங்கும் இடம் சரியும். இந்திய புவியியல் ஆய்வுத் துறை நாட்டின் மலைப் பகுதிகளுக்கு நிலச்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. அவற்றை ரெயில் பாதையுடன் ஒப்பிட்டு, எந்தக் கிலோ மீட்டரில் எவ்வளவு ஆபத்து என்று பட்டியல் போட வேண்டும். பட்டியல் அதிகாரியின் பீரோவில் தூங்கக் கூடாது. பாதையில் நடக்கும் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எப்போது சரியும்?

மழைதான் இதற்கு விடை சொல்லும். இன்று பெய்யும் மழை மட்டும் கணக்கல்ல. முந்திய சில நாட்களில் பெய்த மழையும் கணக்கு. ஏற்கனவே ஊறிப்போன மலைக்குச் சிறு மழையும் போதும். நீலகிரிக்கும் டார்ஜிலிங் பகுதிக்கும் 2020 முதல் சோதனை முறையில் நிலச்சரிவு முன்னறிவிப்புகள் தரப்பட்டு வந்தன. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் இதற்கென்று தேசிய மையமும் தொடங்கப்பட்டது. நல்ல ஆரம்பம்.

மூன்றாவது கேள்வி: சரியும்போது அங்கே யார் இருப்பார்கள்?

இதுதான் முக்கியமான கேள்வி. மலை சரிவதைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் அந்த நேரத்தில் அங்கே ரெயில் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும்! ஆளில்லாத பாதையில் மண் விழுந்தால் அது செலவு. ரெயில் மேல் விழுந்தால் அது சாவு. செலவை ஈடு கட்டலாம். சாவை ஈடு கட்ட முடியுமா?

சிவப்புக் கொடிக்கு மரியாதை

மலைப் பாதையைத் தினமும் நடந்து பார்க்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கேங்மேன், கீமேன் என்று ஜனங்கள் சொல்வார்கள். கையில் சுத்தியல், சிவப்புக் கொடி. இரவானால் விளக்கு. அட்டை கடிக்கும். குளிர் நடுக்கும். காட்டு யானையும் வரும். அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள்.

மலையின் மொழி அவர்களுக்குத் தெரியும். நேற்று நேராக நின்ற மரம் இன்று சாய்ந்திருக்கிறதா? தரையில் புதிய விரிசல் ஓடுகிறதா? தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருகிறதா? தடுப்புச் சுவரில் வயிறு தள்ளியிருக்கிறதா? இவை எல்லாம் மலை அனுப்பும் தந்திகள். படிக்கத் தெரிந்தவன் உயிரைக் காப்பான்.

இந்தத் தொழிலாளிகளின் எண்ணிக்கையை ஒரு போதும் குறைக்கக் கூடாது. காலிப் பணியிடம் இருந்தால் மழைக்கு முன்பே நிரப்ப வேண்டும். நல்ல மழைக் கோட்டும், நல்ல பூட்சும், பேசுவதற்குக் கருவியும் கொடுக்க வேண்டும். உயர்ந்த சம்பளக்காரர்கள் போடும் திட்டம் எல்லாம் இந்த மனிதனின் இரண்டு கால்களை நம்பித்தான் இருக்கிறது.

அவன் சிவப்புக் கொடியைக் காட்டினால் ரெயில் நிற்க வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று அவனை யாரும் அதட்டக் கூடாது. பத்து முறை நிறுத்தி, ஒன்பது முறை ஒன்றும் நடக்காமல் போகலாம். அந்த ஒன்பது முறையும் அவன் குற்றவாளி அல்ல. பத்தாவது முறை அவன் தெய்வம்!

இன்னொன்று. ரெயிலை நிறுத்துவது ஓர் அதிகாரியின் தைரியத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. நிறுத்தினால் பிரயாணிகள் திட்டுவார்கள். நிறுத்தாவிட்டால் விபத்து. பாவம், அவர் என்ன செய்வார்?

ஜப்பானில் ரெயில் பாதை ஓரம் மழைமானிகள் இருக்கின்றன. இத்தனை மில்லி மீட்டர் பெய்தால் வேகத்தைக் குறை, இத்தனை பெய்தால் நிறுத்து என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மழை அந்த அளவைத் தொட்டால் ரெயில் நிற்கும். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மலைப் பாதைகள் எல்லாவற்றுக்கும் இப்படி எழுதி வைத்த கணக்கு வேண்டும். அதை நிலையத்தில் எல்லாரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் ஒட்டவும் வேண்டும். "இன்று கணக்கு மீறிவிட்டது. அதனால் ரெயில் இல்லை" என்று படித்தால், கோபப்படுகிறவரும் புரிந்துகொள்வார்.

மேலே குடியிருப்பவர்களுக்கும் பங்கு உண்டு

ரெயில்வேக்குச் சொந்தமானது பாதையும் அதன் ஓரமும்தான். அதற்கு மேலே காடு இருக்கிறது. தேயிலைத் தோட்டம் இருக்கிறது. சாலையும் வீடுகளும் விடுதிகளும் இருக்கின்றன. மேலே ஒருவர் ஓடையை அடைத்தால் கீழே தண்டவாளம் மண்ணில் புதையும்.

எனவே, ரெயில்வே மட்டும் தனியாக இதைச் செய்ய முடியாது. மாவட்ட நிர்வாகம், வனத் துறை, நெடுஞ்சாலைத் துறை, தோட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மழை தொடங்கும் முன்னால், மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். அடைப்புகளை நீக்க வேண்டும்.

வெட்டிவேர் போன்ற ஆழமாக வேர் விடும் செடிகளைச் சரிவுகளில் நடலாம். கம்பிக் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கலாம். அதன் வழியே தண்ணீர் கசிந்து வெளியேறும், மண் நிற்கும். இவை எல்லாம் பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. ஆனால் ஆண்டு தவறாமல் செய்ய வேண்டிய வேலை.

சுற்றுலா வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. அது வெறும் அழகுக்காகப் போட்ட சட்டம் என்று நினைக்க வேண்டாம். ஜன்னல் வழியாக வீசும் ஒரு பாட்டில், ஒரு மதகின் வாயை அடைக்கலாம். அடைபட்ட மதகு ஒரு மலையைக் கரைக்கலாம்.

மூடிவிடலாமா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? பேசாமல் மலை ரெயிலை மூடிவிடலாமே!" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அது கோழைத்தனம். நூறு ஆண்டுகளைத் தாண்டி ஓடும் ரெயில் அது. அதை நம்பித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர்கள் இருக்கிறார்கள். உலகமே பாராட்டும் சொத்து அது. பாட்டன் சொத்தைப் பராமரிக்கச் சோம்பல்பட்டு விற்றுவிடும் பேரனை யாராவது மெச்சுவார்களா?

வேறு சிலர், "எந்த மழையானாலும் ஓட்டியே தீர வேண்டும். வருமானம் போகிறது!" என்கிறார்கள்.

இது பேராசை. ஒரு விபத்து நடந்தால் உயிரும் போகும், வருமானமும் போகும். பல ஆண்டுகளுக்கு ஜனங்கள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வெயில் நாட்களில் சந்தோஷமாக ஓட்டுவது. மழை நாட்களில் கவனமாக ஓட்டுவது. ஆபத்து நாட்களில் தயங்காமல் நிறுத்துவது. இதுதான் புத்திசாலித்தனம்.

நிறுத்தும்போது பிரயாணிகளை அம்போ என்று விட்டுவிடக் கூடாது. முந்தின இரவே செய்தி சொல்ல வேண்டும். டிக்கெட் பணம் முழுவதும் அலையவிடாமல் கைக்கு வர வேண்டும். வேறொரு நாளில் பயணம் செய்ய முதல் சலுகை தர வேண்டும். ஜனங்களின் கோபத்தில் பாதி, ரெயில் நின்றதால் வருவதல்ல. ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லாததால் வருவது!

குழந்தையின் கேள்வி

மேட்டுப்பாளையத்தில் நின்ற அந்தக் குடும்பத்துக்கு மறுபடியும் வரலாம்.

அப்பாவின் கோபம் கொஞ்சம் தணிந்தது. டீக்காரரிடம் எல்லாருக்கும் டீ வாங்கினார். சின்னக் குழந்தை மெல்லக் கேட்டது: "அப்பா, மலைக்கு உடம்பு சரியில்லையா?"

அப்பா சிரித்துவிட்டார். "ஆமாம் கண்ணு. மழையிலே நனைஞ்சிட்டுது. உடம்பு தேறினதும் வருவோம்" என்றார்.

குழந்தைக்குப் புரிந்த விஷயம் பெரியவர்களுக்கும் புரிய வேண்டும். மலை உயிருள்ளதைப் போன்றது. அதற்கும் காய்ச்சல் வரும், குளிர் வரும், நடுக்கம் வரும். நோயாளியைத் தினமும் பார்க்கும் வைத்தியரைப் போல, மலையைத் தினமும் பார்க்கும் ஆள் வேண்டும். நோய் முற்றும் முன்பே மருந்து வேண்டும். நோய் கடுமையாக இருக்கும் நாளில் தொல்லை செய்யாமல் விலகி நிற்கவும் வேண்டும்.

அடுத்த முறை அறிவிப்புப் பலகையில் 'ரத்து' என்று பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும். எங்கோ காட்டுக்குள், மழையில் நனைந்தபடி ஒரு தொழிலாளி சிவப்புக் கொடியுடன் நிற்கிறான். அவன் நிறுத்தியது ரெயிலை அல்ல. ஒரு பெரும் துயரத்தை!

விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் செய்தி வரும். நடக்காமல் தடுத்தால் செய்தியே இல்லை. அந்தச் செய்தி இல்லாத நாள்தான் நல்ல நாள். அப்படிப்பட்ட நாட்கள் பெருகட்டும். மலை ரெயில் இன்னும் நூறு ஆண்டு ஓடட்டும்!